அடுப்படி கேள்வி பதில்: எண்ணெய்க் கரண்டியை அளந்து பார்த்த நாள்

போன மாதம் கோழிக்கறியில் எண்ணெயைக் குறைப்பது பற்றி போகிறபோக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். இந்த மாதம் வந்ததில் பாதிக் கடிதங்கள் அதைப் பற்றித்தான். அதனால் இந்த முறை வேறு எதுவும் கிடையாது, கோழி மட்டும்.

கேள்வி: கணவருக்கு 48 வயது. ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது என்றும் எண்ணெய், சோறு இரண்டையும் குறைக்க வேண்டும் என்றும் டாக்டர் சொல்லிவிட்டார். சிக்கனை மிளகும் உப்பும் போட்டு வேகவைத்துக் கொடுத்தேன். இரண்டு நாள் பேசாமல் சாப்பிட்டார், மூன்றாம் நாள் வெளியே பரோட்டா சாப்பிட்டுவிட்டு வந்து நிற்கிறார். நான் என்னதான் செய்வது?
ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: அவரைத் திட்டாதீர்கள் அக்கா, தப்பு அந்தச் சிக்கன் மேல். நான்கு வருடத்துக்கு முன் எனக்குக் கொழுப்பு கூடியிருக்கிறது என்று சொன்னபோது நானும் இதே வேலையைத்தான் செய்தேன். வெள்ளை வெளேரென்று அவித்த கோழி, பக்கத்தில் வெள்ளரிக்காய். பையன் தட்டை எட்டிப் பார்த்துவிட்டு, “யாருக்கும்மா உடம்பு சரியில்லை?” என்று கேட்டான். பத்தியச் சாப்பாடு மாதிரி இருந்தால் பத்தியம் மாதிரிதான் நடக்கும், எப்போது முடியும் என்று நாள் எண்ணிக்கொண்டிருப்போம்.

அப்புறம் ஒரு நாள் சந்தேகம் வந்து, எண்ணெய் ஊற்றும் குழிக்கரண்டியை மருந்து அளக்கும் மூடியால் அளந்து பார்த்தேன். 40 மில்லி! அரைக்கிலோ கறிக்குக் கண்ணை மூடிக்கொண்டு இரண்டரைக் கரண்டி ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன், அதாவது 100 மில்லி, 800 கலோரிக்கு மேல். தோலும் எலும்பும் இல்லாத அரைக்கிலோ கோழியிலேயே சுமார் 600 கலோரிதான், எலும்போடு என்றால் இன்னும் குறைவு. இத்தனை நாளும் கோழிக் குழம்பு வைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு எண்ணெய்க் குழம்பில் கோழி போட்டுக்கொண்டிருந்தேன்.

உங்கள் ஊர்ப்பக்கமே இதற்கு வழி இருக்கிறது, பள்ளிப்பாளையம் சிக்கன். மசாலாத்தூள் வேண்டாம், தக்காளி வேண்டாம், அரைக்கிற வேலையும் இல்லை. ஓட்டலில் எண்ணெய் மிதக்கும், வீட்டில் மிதக்க வேண்டியதில்லை. தோல் நீக்கிய கறி அரைக்கிலோ, சின்னதாக வெட்டியது. கனமான இரும்புச் சட்டி நன்றாகக் காய்ந்த பிறகு இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெய், அதாவது 30 மில்லி. விதை உதறிய வரமிளகாய் எட்டோ பத்தோ கிள்ளிப் போட்டு, கறிவேப்பிலை, நான்கு பல் பூண்டு, இரண்டு கைப்பிடி சின்ன வெங்காயம். வெங்காயத்தோடு உப்பைப் போட்டுவிடுங்கள், அதுவே தண்ணீர் விட்டு வதங்கும், எண்ணெய் கேட்காது. கறியைப் போட்டு மஞ்சள் தூவிப் பிரட்டி மூடிவிட்டால் பத்து நிமிடத்தில் கறியின் தண்ணீரிலேயே பாதி வெந்திருக்கும், அடி பிடிக்கிற மாதிரி இருந்தால் மட்டும் கால் தம்ளர் வெந்நீர். கடைசியில் மூடியை எடுத்து, தீயைக் கூட்டிச் சுருட்ட வேண்டும், ருசியே அந்தச் சுருட்டலில்தான் இருக்கிறது. தேங்காய்ச் சில்லை மட்டும் கைப்பிடி போடாமல் எண்ணிப் பத்து போடுங்கள். பல்லில் ஒன்றிரண்டு பட்டால் போதும், வாய் ஏமாந்துவிடும்.

இன்னொன்று. சர்க்கரைக்கு எண்ணெயைவிடச் சோற்றின் அளவுதான் முதல் விஷயம். மூன்று கரண்டிச் சோற்றை ஒரே நாளில் ஒரு கரண்டி ஆக்கினால் ராத்திரி பத்து மணிக்கு மிக்சர் டப்பாவைத் தேடுவார். வாரத்துக்கு அரைக்கரண்டியாகக் குறைத்து, அந்த இடத்தில் பீன்ஸோ கோஸோ பொரியலை வையுங்கள், கறியைக் குறைக்காதீர்கள், அதுதான் வயிற்றில் நிற்கும். சர்க்கரை மாத்திரை எடுப்பவராக இருந்தால், சோற்றைக் குறைக்கும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், மாத்திரை அதே அளவில் இருந்தால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி மயக்கம் வரலாம்.

கேள்வி: தனியாக அறை எடுத்துத் தங்கி வேலை பார்க்கிறேன். உடம்பைக் குறைக்க எலும்பில்லாத நெஞ்சுக்கறி வாங்கிக் குக்கரில் வைக்கிறேன். செருப்பு மாதிரி இருக்கிறது.
ஒரு வாசகர், மதுரை

பதில்: முதலில் குக்கரை எடுத்து மேலே வையுங்கள் தம்பி. நெஞ்சுக்கறியில் 100 கிராமுக்குக் கொழுப்பு மூன்று கிராம்தான் இருக்கும், காலும் தொடையும் மாதிரி அதிக வேக்காட்டைத் தாங்காது. சூடு ஏற ஏறப் புரதம் இறுகி, துணியைப் பிழிகிற மாதிரி உள்ளே இருக்கிற தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும். நான்கு விசில் விட்டால் செருப்பு வராமல் என்ன வரும்?

நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து அதற்குக் குறுக்கே விரல் கனத்தில் வெட்டுங்கள். உப்பு, மஞ்சள், மிளகு, இஞ்சி பூண்டு, இரண்டு கரண்டி தயிர் போட்டுப் பிசைந்து ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில். தயிரின் புளிப்பு கறியை மெதுவாக இளக்கும், இஞ்சியும் அந்த வேலையைச் செய்யும். எலுமிச்சையில் ராத்திரி முழுக்க ஊறப்போடாதீர்கள், நான் ஒருமுறை போட்டு, காலையில் பார்த்தால் மாவு மாதிரி இருந்தது. தோசைக்கல்லை நன்றாகக் காயவைத்து ஒரு டீஸ்பூன் எண்ணெய் தடவி, துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி, பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடம். நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும் என்பது கணக்கு. வெப்பமானி இல்லையென்றால் இருப்பதிலேயே தடிமனான துண்டை வெட்டிப் பாருங்கள், உள்ளே இளஞ்சிவப்பு இருக்கக் கூடாது. கல்லிலிருந்து எடுத்ததும் வாயில் போடாமல் ஐந்து நிமிடம் விடுங்கள்.

தினமும் சமைக்க நேரம் இருக்காது, தெரியும். மொத்தமாகச் செய்து, சூடு ஆறியதும் (இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வேண்டாம்) ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். முதல் நாள் அப்படியே. அடுத்த நாள் பிய்த்து, கோஸ், வெங்காயம், ஒரு முட்டையோடு கொத்திவிடுங்கள், மதுரைக்காரருக்குக் கொத்து சொல்லித்தர வேண்டியதில்லை, பரோட்டா இல்லாத கொத்து, அவ்வளவுதான். மூன்றாம் நாள் மிளகு ரசத்தில் போட்டுக் குடியுங்கள். வெந்த நெஞ்சுக்கறி 100 கிராமில் சுமார் 30 கிராம் புரதம் கிடைக்கிறது, அதற்கு மேல் டப்பாப் பொடி தேவையா என்று பர்ஸைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: தேங்காயும் முந்திரியும் அரைத்து ஊற்றாமல் குழம்பு கெட்டியாகுமா?
ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: ஆகும். இரண்டு வெங்காயம், ஒரு தக்காளியை வதக்காமல் வேகவைத்து அரைத்து ஊற்றலாம். ஒரு மேசைக்கரண்டி பொட்டுக்கடலையைப் பொடித்துக் கரைத்தும் ஊற்றலாம், ஆனால் கடைசியில், முதலிலேயே ஊற்றினால் அடி பிடிக்கும்.

எனக்குப் பிடித்த வழி தற்செயலாக வந்தது. ஒரு மழை நாள், தேங்காய் இல்லை, கடைக்குப் போகிற நிலையும் இல்லை, வீட்டில் இருந்தது கழுத்தும் எலும்புமாகக் கொஞ்சம் கோழி, பாதிச் சுரைக்காய், காலையில் சாம்பாருக்கு வேகவைத்ததில் மிஞ்சிய பருப்பு. பாய் வீட்டுப் பிரியாணிக்குத் தால்ச்சா வருமே, ஆட்டெலும்பும் பருப்பும் சேர்ந்து, அந்த ஞாபகத்தில் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டேன். எலும்பை வேகவைத்த தண்ணீரில் சுரைக்காய், பருப்பு, சாம்பார்த்தூளுக்குப் பதில் மல்லித்தூளும் சோம்பும், கொஞ்சம் புளி, இறக்கும்போது ஒரு பிடி முருங்கைக்கீரை. கீரை போட்டதும் மூடாதீர்கள், நிறம் போய்விடும். சட்டி நிறையக் குழம்பு, மொத்த எண்ணெய் ஒரு டீஸ்பூன், தாளிக்க. இப்போது தேங்காய் இருக்கிற நாளிலும் அதைத்தான் வைக்கச் சொல்கிறார்கள்.

கேள்வி: பிராய்லருக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்களாமே, நாட்டுக்கோழிதான் சாப்பிட வேண்டுமா?
ஒரு வாசகர், சேலம்

பதில்: பிராய்லர் ஐந்து ஆறு வாரத்தில் இரண்டு கிலோ ஆவது பல தலைமுறையாகத் தேர்ந்தெடுத்துப் பெருக்கிய இனத்தாலும் தீவனத்தாலும்தான். ஆயிரக்கணக்கான கோழியைத் தினமும் பிடித்து ஊசி போட யாருக்குக் கட்டுப்படியாகும், யோசித்துப் பாருங்கள். கவலைப்பட வேண்டியது ஆன்டிபயாடிக் பற்றி. மனிதருக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருக்கிற கொலிஸ்டினைப் பண்ணை விலங்குகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று 2019இல் மத்திய அரசு தடை போட்டது அதனால்தான். நாட்டுக்கோழிக்கு ருசி உண்டு, விலையும் உண்டு, வேக ஒரு மணி நேரமும் உண்டு. மாதம் ஒருமுறை சாறு வைக்க அது, மற்ற நாளுக்கு பிராய்லர், இதுதான் என் வீட்டுக் கணக்கு. எந்தக் கோழியானாலும் தோலை உரித்து வாங்குங்கள், கொழுப்பில் பெரும்பங்கு தோலிலும் அதன் அடியிலும்தான்.

கேள்வி: கறியை எத்தனை தண்ணீர் கழுவ வேண்டும்?
ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: நான் மூன்று தண்ணீர், மஞ்சள் போட்டு, என் அம்மா மாதிரியே. ஆனால் கழுவுவதால் கிருமி சாகாது, வேகவைத்தால்தான் சாகும். பிரிட்டனின் உணவுத்துறை கழுவவே வேண்டாம் என்று 2014இல் பிரசாரமே செய்தது, குழாயடியில் தெறிக்கிற தண்ணீர் பக்கத்துப் பாத்திரத்துக்கும் கீரைக்கும் கிருமியைக் கொண்டுபோகும் என்பது காரணம். சந்தைக்கறியில் சிறகும் எலும்புத்தூளும் ஒட்டியிருக்கும்போது கழுவாமல் இருக்க நம்மால் முடியாது. சரி, குழாயை வேகமாகத் திறக்காமல் பாத்திரத்துக்குள்ளேயே அலசி, தொட்டியைச் சோப்புப் போட்டுத் தேய்த்துவிடுங்கள், கையையும்.

கேள்வி: சிக்கன் 65க்காக ஏர்ஃப்ரையர் வாங்கலாமா?
ஒரு வாசகி, கோவை

பதில்: வாரம் இரண்டு முறை பொரிக்கிற வீடு என்றால் வாங்கலாம். ஓட்டல் மொறுமொறுப்பை எதிர்பார்க்காதீர்கள், ஒரு டீஸ்பூன் அரிசி மாவு பிசிறினால் ஓரளவு வரும். சிவப்புக் கலர்ப் பொடி மட்டும் வேண்டாம், கர்நாடகாவில் 2024 ஜூனில் கபாப்களுக்கு செயற்கை நிறம் சேர்ப்பதைத் தடையே செய்துவிட்டார்கள். காஷ்மீரி மிளகாய்த்தூள் போதும்.

கேள்வி: எல்லாம் மாற்றிவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை பிரியாணியை மட்டும் விட முடியவில்லை.
ஒரு வாசகர், ஆம்பூர்

பதில்: ஆம்பூரில் இருந்துகொண்டு விடச் சொன்னால் யார் கேட்பார்கள்? சாப்பிடுங்கள். இரண்டாவது முறை போட்டுக்கொள்ளும்போது அரிசியை ஒதுக்கிவிட்டுக் கறியும் தயிர்ப் பச்சடியும் மட்டும். சாயங்காலம் பசித்தால் ரசம்.