தபாஸ் எங்கே என்பதற்கு முன், எத்தனை மணிக்கு?

கேள்வி: "செப்டம்பர் கடைசியில் நான், கணவர், மாமியார் மூவரும் ஸ்பெயின் போகிறோம். மாட்ரிட், செவில், கிரனாடா, பார்சிலோனா. தபாஸ் (அங்கே பாரில் பானத்தோடு சாப்பிடும் சின்னத் தட்டு உணவு) சாப்பிட எந்தக் கடை நல்லது என்று தேடினால் ஆளுக்கொரு 'டாப் டென்' போட்டிருக்கிறார்கள், எதுவும் ஒத்துப்போகவில்லை. எங்கள் டிராவல் ஏஜென்ட் ஊருக்கு ஒன்றாக நான்கு தபாஸ் டூர், ஆளுக்கு 85 யூரோ, இப்போதே கட்டிவிடுங்கள், விசா ஃபைலுக்கும் நல்லது என்கிறார். கட்டலாமா? மாமியார் சுத்த சைவம், முட்டையும் தொட மாட்டார்." (கோவையிலிருந்து ஒரு வாசகி)

பதில்: கட்டாதீர்கள். அந்த விசா கதை எனக்குப் புதிதல்ல. ஷெங்கன் விசாவுக்கு (ஸ்பெயின் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான விசா) தங்குமிடச் சான்று கேட்பார்கள், பயணத் திட்டம் கேட்பார்கள், வங்கிக் கணக்கு விவரமும் குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடும் கேட்பார்கள். மாலையில் எந்தக் கடையில் ஆலிவ் கொறிக்கப் போகிறீர்கள் என்று கேட்பதில்லை. ஆனால் விசா என்ற சொல்லைக் கேட்டாலே நமக்குக் கை நடுங்கும், கேட்ட இடத்தில் பணம் கட்டுவோம் என்று ஏஜென்டுகளுக்குத் தெரியும். அந்தப் படிவங்களைச் சாதாரண மனிதர் தாமே நிரப்பும்படி எளிமையாக வைத்திருந்தால் இந்தப் பிழைப்பு பாதி நின்றுபோயிருக்கும். வைக்க மாட்டார்கள்.

கணக்குப் பாருங்கள். நான்கு ஊர், மூன்று பேர், 85 யூரோ. மொத்தம் 1,020 யூரோ. செவிலில் ஒரு தபா பெரும்பாலும் 3 முதல் 5 யூரோ, ஒரு சின்ன கிளாஸ் பானம் 3 யூரோவுக்குள். மூன்று பேர் ஒரு கடையில் ஆளுக்கொரு பானமும் ஒரு தபாவும் எடுத்தால் ஏறத்தாழ 21 யூரோ. ஒரு மாலைக்கு மூன்று கடை ஏறினாலும் 63. உங்கள் ஏஜென்ட் கேட்கும் காசுக்கு இப்படிப் பதினாறு மாலைகள் சாப்பிடலாம். அதிலும் டூரில் உங்கள் மாமியாருக்கு எல்லாக் கடையிலும் ரொட்டியும் ஆலிவும்தான் வந்து சேரும். அவருக்கும் அதே 85.

சரி, எப்படித் தேர்ந்தெடுப்பது? 'எந்தக் கடை' என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, எத்தனை மணிக்கு. நம் ஆட்களுக்கு ஆறரை, ஏழு மணிக்குப் பசிக்கும். ஸ்பெயினில் மதியச் சாப்பாடு ஒன்றரை, இரண்டு மணிக்குத் தொடங்கி நாலு வரை போகும். அப்புறம் பெரும்பாலான சமையலறைகள் மூடிவிட்டு எட்டு, எட்டரைக்குத்தான் திறக்கும். இடையில் முழுச் சாப்பாடு போடும் கடைகள் யாருக்காகத் திறந்திருக்கின்றன? உங்களுக்காகத்தான். பார்சிலோனாவின் ராம்ப்ளா வீதியில் வாசலில் நின்று மெனு அட்டையை நீட்டுபவர், மஞ்சள் கலரில் பயேயா என்ற அரிசிச் சோற்றின் படம் போட்ட பலகை, வாளி சைஸ் கிளாஸில் சங்ரியா என்ற பழம் போட்ட ஒயின் எல்லாம் அந்த ஏழு மணிப் பசிக்கு விரித்த வலை. படத்தில் இருக்கும் பயேயா பல இடங்களில் உறைநிலையில் வந்து சூடாக்கித் தருவது. வாசலில் நின்று கூப்பிடுபவர் இருக்கும் கடைக்குள் போகவே போகாதீர்கள். நல்ல கடைக்கு ஆள் பிடிக்க ஆள் தேவையில்லை.

ஆறு மணிக்கு சுரோஸ் சாப்பிடுங்கள். அது அந்த ஊர்ச் சிற்றுண்டி நேரம். மாவும் தண்ணீரும் உப்பும்தான், முறுக்குப் பிழிவதுபோல் எண்ணெயில் பிழிந்து பொரித்துக் கெட்டிச் சாக்லேட்டில் தோய்த்துத் தின்பது. மாட்ரிட்டில் சான் ஹினேஸ் என்ற கடை 1894 முதல் இதைப் போடுகிறது. மாமியாருக்கும் ஆகும். இரவு எட்டரை வரை வயிறு தாங்கும்.

'உள்ளூர்க் கூட்டம் இருக்கும் கடைக்குப் போ' என்று எல்லோரும் சொல்வார்கள். இப்போது அது பாதிதான் சரி. மாலை ஏழு மணிக்கு ஒரு கடை முன் நாற்பது பேர் வரிசையில் நின்றால் நாற்பது பேரும் உங்களைப்போல் போனில் பட்டியல் பார்த்து வந்தவர்கள். ஒன்பதரைக்கு வரிசையே இல்லாமல், கவுண்டரில் தோளோடு தோள் இடித்து நின்று, கத்திப் பேசிக்கொண்டிருந்தால் அதுதான் கூட்டம்.

அடுத்தது அளவு. தபா என்பது ஒரு சின்னத் தட்டு. மெதியா ராஸியோன் அரைத் தட்டு. ராஸியோன் முழுத்தட்டு, மூன்று பேருக்கு வரும். நீங்கள் 'தபாஸ்' என்று வாயால் சொன்னதும் சிலர் ஒன்றும் கேட்காமல் நாலு ராஸியோன் கொண்டுவந்து அடுக்கிவிடுவார்கள். பில்லைப் பார்த்தால்தான் தெரியும். ஒவ்வொரு தட்டுக்கும் 'தபா?' என்று விரலால் சின்னதாகக் காட்டிக் கேட்டு உறுதி செய்யுங்கள். ஒரு கடையில் ஒன்று அல்லது இரண்டு, அதுவும் அந்தக் கடை எதற்குப் பேர்போனதோ அது மட்டும், பிறகு அடுத்த கடை. உட்கார்ந்து ஒரே இடத்தில் எட்டுத் தட்டு வரவழைப்பது தபாஸ் அல்ல.

மாட்ரிட்டில் பிளாசா மயோர் சதுக்கத்தைச் சுற்றிப் பாருங்கள், படம் எடுங்கள், அங்கே உட்காராதீர்கள். புவெர்த்தா தெல் சோல் பக்கம் காசா லாப்ரா 1860 முதல் இருக்கிறது. அங்கே மாவில் தோய்த்துப் பொரித்த காட் மீன், நின்றபடி. அப்புறம் லா லத்தீனா பகுதியில் காவா பாஹா வீதியில் நடந்தால் போதும். செவிலில் எல் ரின்கொன்சில்யோ, 1670இல் தொடங்கியது என்று சொல்லும் கடை. கவுண்டர் மரத்திலேயே சாக்குக்கட்டியால் உங்கள் கணக்கை எழுதுவார்கள். கூட்டம்தான், ஆனால் போகலாம். பார்சிலோனாவில் தபாஸ் பழக்கம் பெரும்பாலும் தெற்கிலிருந்து வந்தது. அங்கே பார்சலோனெத்தா மீனவர் பகுதியில் லா கோவா ஃபுமாதா என்ற கடையைத் தேடுங்கள், வாசலில் பெயர்ப்பலகைகூட இல்லை. காரச் சாஸ் ஊற்றிய 'பொம்பா' என்ற உருளைக்கிழங்கு உருண்டை அங்கே பிறந்தது என்பார்கள். உள்ளே கறி இருக்கும், மாமியார் தட்டு தனி. மதியம் போங்கள்.

கிரனாடா வேறு உலகம். அங்கே பானம் வாங்கினால் தபா இலவசம். என்ன தபா என்பதைக் கடைக்காரர் முடிவு செய்வார். இரண்டாவது கிளாஸுக்கு வேறொன்று வரும். குடிக்காதவர்கள் மோஸ்தோ கேளுங்கள். புளிக்காத திராட்சைச் சாறு. பாரில் அதைக் கேட்பதில் வெட்கமில்லை. உங்கள் நான்கு ஊர்களில் இப்படி இலவசம் எதிர்பார்க்கலாம் என்றால் அது கிரனாடாவில்தான். மாட்ரிட்டில் சிலர் ஒரு கைப்பிடி ஆலிவோ சிப்ஸோ வைப்பார்கள், செவிலிலும் பார்சிலோனாவிலும் அதுவும் நிச்சயமில்லை. கிரனாடாவுக்கும் காசு வாங்கி டூர் போடுகிறாரே உங்கள் ஏஜென்ட், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இனி மாமியார். இதை நிதானமாகப் படியுங்கள். 'சைவம்' என்று சொன்னால் அங்கே பல கடைகளில் கறி இல்லை என்றுதான் புரிந்துகொள்வார்கள். ஹமோன் என்ற உப்பிட்ட பன்றித் தொடை அவர்களுக்குக் கறிக்கணக்கில் வராது, கறிவேப்பிலை மாதிரி தூவிவிடுவார்கள். டூனா மீனும் அப்படித்தான். ஆகவே பெயர் பெயராகச் சொல்ல வேண்டும்: "சின் கார்னே, சின் ஹமோன், சின் பெஸ்காதோ, சின் அத்தூன், சின் வேவோ." கறி, ஹமோன், மீன், டூனா, முட்டை எதுவும் வேண்டாம். கிரனாடாவில் இதைப் பானம் சொல்லும்போதே சொல்லிவிடுங்கள், தட்டு வந்த பிறகு அல்ல.

உருளைக்கிழங்கு தோர்த்தியா என்பது முட்டைதான். ரஷ்யன் சாலடில் டூனாவும் மயோனைசும். குரோக்கெத்தா என்ற பொரித்த உருண்டையில் பெரும்பாலும் ஹமோன். பத்தாத்தாஸ் பிராவாஸ் பொரித்த உருளைக்கிழங்குதான், ஆனால் மாட்ரிட்டில் சிலர் சாஸை இறைச்சிச் சாற்றில் செய்வார்கள், கேளுங்கள். ஆலிவுக்குள் நெத்திலி வைத்து அடைத்திருப்பார்கள், அதையும் கேளுங்கள். தைரியமாக உண்ணக்கூடியவை: செவிலில் சீரகம் போட்ட கீரை கொண்டைக்கடலை (எஸ்பினாகாஸ் கோன் கர்பான்சோஸ்), நம் வாய்க்குப் பழகிய ருசி. பாத்ரோன் பச்சைமிளகாய் வறுவல், பத்தில் ஒன்று சுள்ளென்று உறைக்கும். தக்காளி தேய்த்த ரொட்டி. சால்மொரேஹோ என்ற கெட்டித் தக்காளி சூப்பை மேலே தூவும் முட்டையும் ஹமோனும் இல்லாமல் கேட்டு வாங்கலாம். கத்தரிக்காய் வறுத்துக் கரும்புப் பாகு ஊற்றித் தருவது அருமை, ஆனால் மீன் பொரித்த அதே எண்ணெயாக இருக்கலாம். அதை மாமியாரிடம் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் வீட்டு விவகாரம்.

சீஸ் சைவமா என்று கேட்பீர்கள். மான்செகோ போன்றவற்றில் பால் உறையப் பெரும்பாலும் விலங்கின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னெட் சேர்ப்பார்கள். ஆனால் எஸ்திரமதூரா பகுதியின் தோர்த்தா தெல் காசார் என்ற செம்மறிப் பால் சீஸ் ஒருவகை முள்செடிப் பூவால் உறையவைப்பது. மேல்மூடியை வெட்டிவிட்டு உள்ளே கூழாக இருப்பதைக் கரண்டியால் வழித்து ரொட்டியில் தடவுவது. லேசான கசப்பு இருக்கும். சந்தைகளில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், முழுச் சீஸ் விலை அதிகம், சிறியதும் கிடைக்கும். இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், என்னோடு வந்த ஒரு பாட்டி ஒன்பது நாளும் ரொட்டியும் ஆலிவும் தின்று, கடைசி நாள்தான் இதைக் கண்டார்.

மீதி சின்ன விஷயங்கள். மீன் விலைக்கு நேரே 'எஸ்/எம்' என்று இருந்தால் அன்றைய சந்தை விலை என்று பொருள். எடைக்கு எத்தனை யூரோ என்று கேட்காமல் தலையாட்டாதீர்கள், இறால் கடைகளில் பில் எகிறுவது இதனால்தான். வெளியே நாற்காலி போட்ட இடத்தில் கூடுதல் விலை என்று மெனுவில் எழுதியிருந்தால் கட்ட வேண்டியதுதான், எழுதாமல் கேட்டால் விடாதீர்கள். குழாய்த் தண்ணீர் இலவசமாகத் தர வேண்டும் என்று 2022 முதல் சட்டமே இருக்கிறது. ஆனாலும் கேட்டால் பாட்டில்தான் வரும். 'அக்வா தெல் கிரிஃபோ' என்று சொல்லுங்கள். பில்லில் தகராறு என்றால் புகார்ப் படிவம் கேளுங்கள், எல்லாக் கடையிலும் இருந்தாக வேண்டும். அதை நிரப்பி அனுப்பினால் பதில் வரும்போது நீங்கள் கோவையில் பேரன் பேத்தி பார்த்துக்கொண்டிருப்பீர்கள். கேட்டாலே பில் திருந்துகிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் திருந்தும்.

ஏஜென்டுக்கு ஏற்கெனவே முன்பணம் கொடுத்துவிட்டீர்களா? அந்தந்த ஊரில் டூரை யார் நடத்துகிறார்கள் என்ற பெயரை எழுத்தில் வாங்குங்கள். இத்தகைய நடைப்பயண டூர்கள் பலவற்றில் 24 மணி நேரத்துக்கு முன் ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும். அவர் 'நான்-ரீஃபண்டபிள்' என்றால், அது டூர்காரர் விதியா, தமது விதியா என்று கேளுங்கள். பதிலை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள், போனில் அல்ல.