ஆறாயிரம் ரூபாய் கியூப் அவசியமா?

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகன் இரண்டு ஆண்டுகளாக ரூபிக்ஸ் கியூபும் கையுமாகவே இருக்கிறான். பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள ஃபேன்சி ஸ்டோரில் 150 ரூபாய்க்கு வாங்கிக் கொடுத்த கியூபை வைத்துக்கொண்டே, இப்போது சராசரியாக 40 வினாடிகளில் நிறங்களைச் சேர்த்துவிடுகிறான். அரையாண்டுத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கினால் ‘கேன்’ நிறுவனத்தின் புத்தம்புதிய மாடலை வாங்கித் தர வேண்டும் என்று கேட்கிறான். விலை ஆறாயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. “வேகமெல்லாம் கியூபில்தான் அம்மா இருக்கிறது” என்கிறான், “பொம்மைக்கு ஆறாயிரமா?” என்கிறார் அவனுடைய அப்பா. நான் யார் பக்கம் நிற்பது?
– ஒரு வாசகி, நாமக்கல்

பதில்: புத்தம்புதிய கேன் இப்போது வேண்டாம், ஆனால் அந்த 150 ரூபாய் கியூபையும் அவன் கையிலிருந்து உடனே வாங்கி வைத்துவிடுங்கள். (கேன் என்றதும் தண்ணீர் கேனை நினைத்துக்கொள்ளும் வாசகர்களுக்காக: இது ஜியாங் கான்யுவான் என்பவர் தொடங்கிய சீன நிறுவனம், கான்யுவான் என்பதன் முதல் பகுதியே நிறுவனத்தின் பெயராயிற்று.)

தங்கள் மகன் சொல்வதில் ஓரளவு உண்மை இருக்கிறது. அவனுடைய கியூபைக் கையில் எடுத்து, மேலடுக்கை முழுவதும் திருப்பாமல் கொஞ்சம் குறையாகத் திருப்பி நிறுத்திவிட்டு, வலப்பக்க அடுக்கை மேல்நோக்கித் தள்ளிப் பாருங்கள். அசையாமல் சிக்கிக்கொண்டு நிற்கும். வேகப் போட்டிக்கென்று செய்யப்படும் கியூபில் அதே குறையான திருப்பத்திலும் மூலைத் துண்டு வழுக்கிக்கொண்டு போய்விடும். அதற்குள் மூலைத் துண்டுகளிலும் ஓரத் துண்டுகளிலும் எதிரெதிராகப் பொதிந்த 48 சிறு காந்தங்கள் இருப்பதால், அடுக்கு தன் இடத்தை நெருங்கியதும் ‘டக்’கென்று தானே வந்து ஒட்டிக்கொள்ளும்; விரல் அதைச் சரிபார்க்க வேண்டிய வேலை மிச்சமாகும். இந்த வசதிகள் இல்லாமலேயே 40 வினாடிக்கு வந்திருக்கிற பையனை நான் மெச்சுகிறேன்.

ஆனால் இந்த இரண்டு வசதிகளும் இன்று ஆயிரம் ரூபாயை ஒட்டிய விலையிலேயே கிடைக்கின்றன. மேற்கொண்டு கொடுக்கும் ஐயாயிரத்துக்கு என்ன வருகிறது என்பதுதான் தாங்கள் கேட்க வேண்டிய கேள்வி. மூலைத் துண்டுகளின் அடிப்பகுதியை நடுவிலுள்ள மையத்தோடு இழுத்துப் பிடிக்கும் கூடுதல் காந்தங்கள்; திருகாணியைச் சுற்றியிருக்கும் கம்பிச்சுருளுக்குப் பதிலாக ஒன்றையொன்று விலக்கும் காந்தங்களை வைத்து, சுருள் உரசும் சத்தத்தையும் உராய்வையும் குறைக்கும் ‘மாக்லெவ்’ அமைப்பு; இறுக்கத்தையும் காந்தத்தின் பிடியையும் தனித்தனியே மாற்றிக்கொள்ளும் வசதி; கையில் வழுக்காத பளபளப்பான மேற்பூச்சு. எல்லாம் நல்ல வேலைப்பாடுகள்தாம், வெறும் விளம்பரம் என்று நான் தள்ளிவிட மாட்டேன். ஆயினும் இவற்றில் பெரும்பகுதி அதிக நாள் விலையுயர்ந்த கியூபுகளின் தனிச்சொத்தாக இருப்பதில்லை. கேன் தன் 12ஆம் வரிசையில் மாக்லெவைக் கொண்டுவந்த அதே 2021ஆம் ஆண்டிலேயே மோயு நிறுவனமும் தன் மலிவான ஆர்எஸ்3எம் வரிசையில் அதைக் கொண்டுவந்துவிட்டது. 2020இல் வந்த ஆர்எஸ்3எம் அமெரிக்காவில் ஏறத்தாழ 10 டாலருக்கு விற்றது. அதை வைத்துக்கொண்டு போட்டிகளுக்குப் போனவர்கள் ஏராளம்.

இனி அந்த 40 வினாடிக் கணக்குக்கு வருவோம். ஒரு மாலை அவன் சேர்ப்பதைக் கைப்பேசியில் படம்பிடித்து, விரல்கள் நின்றுபோகும் இடங்களை மட்டும் அவனோடு உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். அடுக்கடுக்காகச் சேர்க்கும் தொடக்கநிலை முறையில்தான் அவன் செய்கிறான் என்று ஊகிக்கிறேன். அந்த முறையில் நூறு திருப்பங்களுக்கு மேல் ஆகும். ஒவ்வொரு துண்டையும் தேடிக் கண் அலைகிற நேரம் அதற்கு மேல் தனி. வேகமாகச் சேர்ப்பவர்களில் பெரும்பாலோர் கையாளும் சிஎஃப்ஓபி முறையில் சுமார் 60 திருப்பங்களில் வேலை முடிந்துவிடும். வினாடிக்கு நான்கு திருப்பம் என்ற சாதாரண வேகத்தில், நடுவில் நிற்காமல் திருப்பினாலே 15 வினாடிதான் ஆகிறது. ஆக, அவனுடைய வினாடிகள் தேடலிலும் வீண் திருப்பங்களிலும்தான் போகின்றன. இவ்விரண்டையும் எந்தக் காந்தமும் குறைத்துத் தராது.

அவன் நம்ப மறுத்தால் 1982ஆம் ஆண்டு புடாபெஸ்டில் நடந்த முதல் உலகப் போட்டியைப் பற்றிச் சொல்லுங்கள். அதில் அமெரிக்காவைச் சேர்ந்த மின் தாய் என்பவர் 22.95 வினாடியில் சேர்த்து வென்றார். காந்தமும் கிடையாது, மாக்லெவும் கிடையாது; அந்தக் காலத்துக் கியூபுகள் இன்றைய ஃபேன்சி ஸ்டோர் கியூபுக்கு அண்ணன் தம்பிதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என் அக்கா மகன், தங்கள் மகனைப் போலவே அடம்பிடித்து, விலையுயர்ந்த கியூப் ஒன்றை வாங்கினான். எந்த நிறுவனத்துடையது என்பது இங்கே முக்கியமில்லை. முதல் வாரத்தில் அவன் நேரம் குறைவதற்குப் பதிலாக ஐந்தாறு வினாடி கூடிவிட்டது. அழுத்தி அழுத்தித் தள்ளிப் பழகிய விரலுக்கு அந்த லேசான கியூப் அடங்கவில்லை. ஒரு திருப்பம் போதுமான இடத்தில் அடுக்கு அதையும் தாண்டி ஓடியது. கடைசியில் இறுக்கத்தைக் கூட்டி, காந்தத்தின் பிடியையும் கூட்டி, ஏறக்குறைய பழைய கியூபின் குணத்துக்கே அதைக் கொண்டுவந்த பிறகுதான் அவனுக்கு நிம்மதி வந்தது. தன் கைக்கு எது வேண்டும் என்று தெரியாதவரை அத்தனை மாற்றும் வசதிகளும் பயன்படாமல்தான் கிடக்கும்.

ஆகவே இப்போதைக்குக் காந்தம் வைத்த நடுத்தர விலைக் கியூப் ஒன்றும், ஒரு சிறு குப்பி சிலிகான் லூபும் (கியூபுக்கான மசகு) வாங்கிக் கொடுங்கள். தையல் மெஷின் எண்ணெயைவிட்டு அதைப் பாழாக்க வேண்டாம். தூசி சேர்ந்து பிசுபிசுத்துப் போகும். சிஎஃப்ஓபி முறையில் கடைசி அடுக்குக்கு வேண்டிய அல்காரிதம்கள், அதாவது மனப்பாடம் செய்ய வேண்டிய திருப்பத் தொடர்கள், மொத்தம் 78 (நிறத்தை மேலே திருப்ப 57, இடத்தை மாற்ற 21) என்று கேட்டால் பையன் மலைத்துப்போவான்; ஆனால் இரண்டு கட்டங்களையும் இரண்டிரண்டாகப் பிரித்துச் செய்தால் 16 போதும். அந்தப் பதினாறையும் கற்று, சராசரி 20 வினாடிக்குக் கீழே வந்து, ஒரு போட்டியிலாவது கலந்துகொண்ட பிறகு அவனே கேட்டால், அப்போது கேன் வாங்கித் தருவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அப்போதும் புத்தம்புதியதைத் தேட வேண்டாம். 2021இல் 12, 2022இல் 13, 2023இல் 14 என்று ஆண்டுக்கொரு எண் ஏறிய வரிசை அது. புதியது வந்த சில மாதங்களில் முந்தையதன் விலை இறங்கும். அந்த இறங்கிய விலையில் வாங்கினால் அப்பாவின் முணுமுணுப்பும் கொஞ்சம் குறையும்.

கேள்வி: கேன் நிறுவனம் புளூடூத் வழியாகக் கைப்பேசியோடு இணையும் ஸ்மார்ட் கியூபையும் விற்கிறது. விலை ஏறத்தாழ ஒன்றுதான் என்றால், அதை வாங்கிப் பயிற்சிக்கும் போட்டிக்கும் சேர்த்தே வைத்துக்கொள்ளலாமா?
– ஒரு கல்லூரி மாணவர், கோவை

பதில்: பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம். எந்தக் கட்டத்தில் எத்தனை திருப்பம் ஆனது, எங்கே எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்பதை அது வினாடிக் கணக்கில் காட்டிவிடும். முந்தைய பதிலில் அந்தத் தாய்க்கு நான் சொன்ன வேலையை அதுவே செய்துவிடும். ஆனால் உலகக் கியூப் சங்கத்தின் விதிகள் மின்னணுப் பாகங்கள் உள்ள கியூபைப் போட்டியில் அனுமதிப்பதில்லை. போட்டி மேசைக்கு வேறொரு கியூபை எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும். அதன் எடையும் இறுக்கமும் வேறாக இருக்கும் என்பதால், போட்டிக்கு இரண்டு வாரம் முன்பே ஸ்மார்ட் கியூபைப் பெட்டியில் வைத்துவிட்டு போட்டிக் கியூபிலேயே பழகுங்கள்.