சிறிய உணவகத்துக்கும் தீ அபாய மதிப்பீடு கட்டாயமா?

சிங்கப்பூரின் தேக்காவில் பத்துப் பேர் வேலை பார்க்கும் உணவகத்துக்கும் தீ அபாய மதிப்பீடு கட்டாயமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆம், வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் கீழுள்ள விதிமுறைகளின்படி, தீ உட்பட வேலையிட அபாயங்களை முதலாளி மதிப்பிட்டு, எழுதிவைத்து, 3 ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது மறுஆய்வு செய்ய வேண்டும். 200 பேருக்கு மேல் கொள்ளும் பொதுக் கட்டடங்கள் தீயணைப்பைக் கவனிக்கும் குடிமைத் தற்காப்புப் படையிடம் ஆண்டுதோறும் பெறும் தீச் சான்றிதழ் (Fire Certificate) வேறு. அது உங்களுக்குத் தேவைப்படாவிட்டாலும் பொறுப்பு விலகாது: பின்பக்க அவசரப் படிக்கட்டில் எண்ணெய் டின்களையும் வெங்காய மூட்டைகளையும் அடுக்குவதும், திருட்டுக்குப் பயந்து (பலர் சொல்லும் சாக்கு இதுதான்) வெளியேறும் கதவுக்குப் பூட்டுப் போடுவதும் தீப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகலாம். மதிப்பீட்டைத் தாளில் தொடங்காதீர்கள்; இரவு அடுப்பை அணைத்து ஆறிய பின், புகைபோக்கியின் வடிகட்டியை விரலால் தொட்டுப் பாருங்கள். பிசுக்கு ஒட்டினால், எழுத வேண்டிய முதல் அபாயம் அதுவே.