கொழும்பில் இருந்து ரொறன்ரோ: பதினொன்றரை மணித்தியாலமா, இருபத்திரண்டா?

கேள்வி: வெள்ளவத்தையில் இருக்கும் என் அம்மா ஜனவரியில் தனியாக ரொறன்ரோவுக்கு, அக்கா வீட்டுக்குப் போகிறார். வயது 71, இன்சுலின் போடுகிறவர். டுபாய் வழியாகப் பயணம். காலை 10.00க்குப் புறப்பட்டு அதே நாள் இரவு 9.30க்கு இறங்குவதாக டிக்கெட்டில் இருக்கிறது. இணையத்தில் பார்த்தால் 14,000 கிலோமீற்றர், பதினாறரை மணித்தியாலம் என்கிறது. எதை நம்புவது?

பதில்: டிக்கெட்டை நம்புங்கள். ஆனால் அந்த இரண்டு நேரங்களையும் நேரே கழித்துப் பார்க்க வேண்டாம். புறப்படுவது கொழும்பு நேரம், இறங்குவது ரொறன்ரோ நேரம். ஜனவரியில் ரொறன்ரோ எங்களுக்குப் பத்தரை மணித்தியாலம் பின்னால் நிற்கிறது. அங்கே இரவு 9.30 ஆகும்போது வெள்ளவத்தையில் மறுநாள் காலை 8.00. அதாவது, பயணம் 22 மணித்தியாலம். அம்மா திரும்புவது மார்ச் இரண்டாம் ஞாயிறுக்குப் பிறகு என்றால் வித்தியாசம் ஒன்பதரைதான். அன்று அங்கே மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே வைத்துவிடுவார்கள்.

14,000 கிலோமீற்றரும் சரியான கணக்குத்தான். உலக உருண்டையில் கட்டுநாயக்க விமான நிலையத்தில் இருந்து ரொறன்ரோ வரை நூலை இழுத்துப் பிடித்தால், அது இந்தியா, ரஷ்யா தாண்டி வடக்கே ஏறி, கிறீன்லாந்துக்கு மேலால் இறங்கும். அந்தத் தூரத்தை ஒரு சராசரி வேகத்தால் வகுத்து வந்ததுதான் பதினாறரை. அப்படிப் பறக்கும் நேரடி விமானம் கொழும்பில் இருந்து கிடையாது. டுபாய் வழியாகப் போனாலும் தூரம் சுமார் 14,400 தான், பெரிய சுற்று இல்லை. டுபாய்க்கு நாலரை மணித்தியாலம், அங்கிருந்து ரொறன்ரோவுக்குச் சுமார் 14, இடையில் மூன்றரை காத்திருப்பு. திரும்பும்போது உயரத்தில் மேற்கிலிருந்து வீசும் காற்று பின்னால் தள்ளுவதால் அந்த நீண்ட பறப்பு ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் குறையும்.

அந்த மூன்றரையைக் குறைக்கப் பார்க்காதீர்கள். முதல் விமானம் கொஞ்சம் பிந்தினாலும் அம்மா ஓட வேண்டியிருக்காது. இரண்டு பறப்பும் ஒரே பதிவில் இருக்கிறதா என்று பாருங்கள், சக்கர நாற்காலிக்கு இப்போதே சொல்லி வையுங்கள்.

எனக்குப் பெரிய கவலை இன்சுலின்தான். மேற்கே போவதால் 24 மணித்தியாலத்தோடு அந்தப் பத்தரையும் சேர்ந்து, அம்மாவின் அந்த ஒரு நாள் முப்பத்துநாலரை மணித்தியாலமாக நீள்கிறது. வழக்கமான ஊசி நேரத்தைக் கொழும்பு மணிப்படி எடுப்பதா, ரொறன்ரோ மணிப்படியா, இடையில் எவ்வளவு என்பதை அவருடைய டொக்டரிடம் முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். நீங்களாக ஊகித்து மாற்றுவது வேண்டவே வேண்டாம். இன்சுலினும் ஊசிகளும் டொக்டரின் கடிதத்தோடு கைப்பையில் இருக்கட்டும். சரக்குப் பெட்டியில் போனால் குளிரில் உறைந்து பழுதாகலாம். அப்புறம், சீனி இறங்கினால் உடனே வாயில் போட ஏதாவது இனிப்பும்.

காலை 10.00 விமானத்துக்கு 7.00க்கே கட்டுநாயக்கவில் நிற்க வேண்டும். பேலியகொடையில் அதிவேகப் பாதை ஏறும் வரை வழி எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது, 5.30க்கே வீட்டை விட்டுப் புறப்படுங்கள். ரொறன்ரோவில் இறங்கிக் குடிவரவு வரிசை, பெட்டி எடுப்பது எல்லாம் முடிய இரவு 11.00 ஆகலாம். அக்காவை அந்த நேரத்துக்கு வரச் சொல்லுங்கள்.