காலி அவையில் 3,211 பேச்சுகள்

வணக்கம் ஐயா,

இனப்படுகொலைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையை அமெரிக்கா ஏற்க வேண்டும் என்ற ஒரே விஷயத்தைப் பற்றி அமெரிக்க செனட்டர் வில்லியம் ப்ராக்ஸ்மயர் 19 வருஷம் அவையில் நாள்தோறும் பேசினார் என்று நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்தேன். ஆள் இல்லாத அவையில் பேசிப் பேசி என்ன கண்டார்? வேலையெல்லாம் கமிட்டியில்தானே நடக்கிறது? எங்கள் ஊர் கிராம சபையில் குடிதண்ணீர் பிரச்சினையை நாலு கூட்டத்தில் எழுப்பிவிட்டேன். தீர்மான நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். ஐந்தாவது தடவையும் போகணுமா என்று இருக்கிறது. அதனால்தான் கேட்கிறேன்.

க., திண்டுக்கல் மாவட்டம்

அன்புள்ள க.,

வேலை கமிட்டியில்தான் நடக்கிறது என்பது ப்ராக்ஸ்மயருக்கு நம் எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். விஸ்கான்சின் மாநிலத்திலிருந்து 1957 முதல் 1989 வரை செனட்டில் இருந்தவர், வங்கிக் குழுவின் தலைவராகவும் இருந்தவர். முதலில் அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

அந்தக் காலத்தில் தவணையில் ஃப்ரிட்ஜ் வாங்குகிறவரிடம் மாசம் எவ்வளவு கட்டணும் என்று மட்டும் சொல்வார்கள். வட்டி எத்தனை சதவீதம் என்று கேட்டால் நேரான பதில் வராது. கடைக்குக் கடை கணக்குப் போடும் முறையே வேறு. ஆண்டு வட்டியை ஒரே முறையில் கணக்கிட்டு எழுத்தில் காட்ட வேண்டும் என்று இல்லினாய் செனட்டர் பால் டக்ளஸ் 1960ல் மசோதா கொண்டுவந்தார். அது கமிட்டியிலேயே கிடந்தது. 1966 தேர்தலில் டக்ளஸ் தோற்றுப்போனார். ப்ராக்ஸ்மயர் அதைக் கையில் எடுத்தார், 1968ல் சட்டமானது.

அப்புறம் வீட்டுக்கடன். கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளில் வங்கிகள் டெபாசிட் வாங்கிக்கொள்ளும், ஆனால் அங்கே வீடு வாங்கக் கடன் கேட்டால் கையை விரித்துவிடும். அமெரிக்காவில் இதற்கு 'ரெட்லைனிங்' என்று பெயர், வரைபடத்தில் சிவப்புக் கோடு போட்டு ஒதுக்குவது. ஒதுக்குகிறாயா என்று வங்கியைக் கேட்டால், இல்லவே இல்லை என்று சொல்லும். அதனால் 1975ல் வந்த சட்டம் வங்கிகளிடம் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டது: எந்தப் பகுதியில் எவ்வளவு வீட்டுக்கடன் கொடுத்தீர்கள் என்று கணக்கை வெளியிடுங்கள். கணக்கு வெளியே வர ஆரம்பித்த பிறகு, டெபாசிட் வாங்குகிற பகுதியின் கடன் தேவையையும் வங்கி கவனிக்க வேண்டும் என்ற சட்டம் 1977ல் வந்தது. இரண்டுக்கும் பின்னால் நின்றவர் ப்ராக்ஸ்மயர். முதலில் விவரம், பிறகு கடமை. இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் இதற்கு வருகிறேன்.

இப்போது நீங்கள் கேட்ட பேச்சு. இனப்படுகொலையைக் குற்றமென்று அறிவிக்கும் உடன்படிக்கையை ஐ.நா. 1948 டிசம்பர் 9 அன்று ஏற்றது. அதிபர் ட்ரூமன் 1949ல் அதை செனட்டுக்கு அனுப்பினார். அங்கே மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். அமெரிக்காவின் இறையாண்மை போய்விடும் என்று ஒரு கூட்டம் எதிர்த்தது. கறுப்பினத்தவரை நடத்துகிற விதம் உலக நீதிமன்றத்துக்குப் போய்விடுமோ என்ற பயம் தெற்கத்தி செனட்டர்களுக்கு. வழக்கறிஞர்களின் தேசிய சங்கமே எதிர்த்தது. இனப்படுகொலையைக் குறிக்கும் 'ஜெனோசைடு' என்ற சொல்லை உருவாக்கி, உடன்படிக்கைக்காக நாடு நாடாக வாதாடிய ராஃபேல் லெம்கின், அமெரிக்கா ஏற்பதைப் பார்க்காமலே 1959ல் இறந்துபோனார்.

அந்த உடன்படிக்கை இருந்தது வெளியுறவுக் குழுவிடம். ப்ராக்ஸ்மயர் அந்தக் குழுவில் இல்லை. அவர் கையில் இருந்தது அவையில் பேசும் உரிமை ஒன்றுதான். 1967 ஜனவரி 11 அன்று எழுந்து, இது நமக்கு அவமானம், இனி அவை கூடும் நாளெல்லாம் இதைப் பற்றிப் பேசுவேன் என்று அறிவித்தார். பேசினார்.

அந்தக் காட்சியை யோசித்துப் பாருங்கள். காலையில் அவை கூடியதும் சில நிமிடப் பேச்சு. இருக்கைகள் பெரும்பாலும் காலி. பக்கத்தில் நின்றுகொண்டு ஒவ்வொரு சொல்லையும் எழுதிக்கொள்ளும் சுருக்கெழுத்தர். கேமரா கிடையாது, செனட்டுக்குத் தொலைக்காட்சி வந்ததே 1986 ஜூனில்தான். இதில் என்னை மிகவும் பாதித்த விஷயம், ஒரு பேச்சு இன்னொன்றின் நகல் இல்லை என்பது. நைஜீரியாவின் பயாஃப்ராவில் பட்டினிச் சாவு, 1971ல் கிழக்குப் பாகிஸ்தான், அடுத்த வருஷம் ஆப்பிரிக்காவின் புருண்டி, பிறகு கம்போடியா. உலகம் அவருக்குப் புதிய காரணங்களைக் கொடுத்துக்கொண்டே இருந்தது. அந்தக் கொடுமைகளை அவரால் தடுக்க முடியவில்லை. ஆனால் இதை மறந்துவிட்டோம் என்று சொல்லும் வாய்ப்பை ஒரு செனட்டருக்கும் அவர் விட்டுவைக்கவில்லை.

1970களில் வெளியுறவுக் குழு பலமுறை ஏற்று அனுப்பியும் அவையில் முட்டிக்கொண்டு நின்றது. 1976ல் வழக்கறிஞர் சங்கம் மனம் மாறியது. 1984ல் அதிபர் ரீகன் ஆதரவு சொன்னார். மறு வருஷம் அவர் ஜெர்மனியில் நாஜிப் படையினரும் புதைக்கப்பட்ட பிட்பர்க் கல்லறைக்குப் போய்ப் பெரும் கண்டனத்துக்கு ஆளானதும் வேகத்தைக் கூட்டியது. 1986 பிப்ரவரி 19 அன்று 83க்கு 11 என்று நிறைவேறியது. அதற்குள் ப்ராக்ஸ்மயர் 3,211 தடவை பேசியிருந்தார். பேச்சு மட்டுமே சாதித்தது என்று நான் சொல்லவில்லை. காலம் கனிந்தபோது விஷயம் உயிரோடு இருந்ததே, அது அவர் செய்த வேலை.

முழு வெற்றியும் இல்லை. அமெரிக்காவின் சம்மதம் இல்லாமல் இந்த உடன்படிக்கையின் பேரில் சர்வதேச நீதிமன்றத்தில் அதன்மேல் வழக்கு நடத்த முடியாது என்ற நிபந்தனையைப் போட்டுத்தான் ஏற்றார்கள். 1999ல் யூகோஸ்லாவியா வழக்குத் தொடுத்தபோது அந்த நிபந்தனையால்தான் அமெரிக்கா தப்பியது. இது எனக்கு இன்றும் கசப்பான விஷயம்.

இன்னொரு வருத்தமும் உண்டு. அரசுப் பணம் வீணாகிறது என்று ஆராய்ச்சிகளைக் கேலி செய்து மாதாமாதம் அவர் கொடுத்த 'கோல்டன் ஃப்ளீஸ்' விருதுக்குத்தான் அவர் பெயர் இன்று பிரபலம். அப்படிக் கேலிக்கு ஆளான ஒரு விஞ்ஞானி வழக்குப் போட்டார். அவையில் பேசியதற்குத்தான் பாதுகாப்பு, செய்திமடலில் எழுதியதற்கு இல்லை என்று 1979ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதில் நான் விஞ்ஞானி பக்கம்.

சரி, உங்கள் விஷயம். போங்கள். ஆனால் நாலு தடவை சொன்னதையே ஐந்தாவது தடவையும் சொல்லாதீர்கள். எந்தத் தெருவில், எந்தத் தேதிகளில், எத்தனை நாள் தண்ணீர் வரவில்லை என்று ஒரு நோட்டில் குறித்து எடுத்துக்கொண்டு போங்கள். அதை வாசித்து, அந்த எண்களைத் தீர்மான நோட்டில் ஏற்றச் சொல்லுங்கள். முன்னே சொன்ன வரிசை இதுதான்: முதலில் விவரம், பிறகு கடமை. இதற்கு முன் நிறைவேற்றிய நாலு தீர்மானங்களின் நகலையும் கேட்டு வாங்குங்கள். அடுத்த கூட்டத்துக்குப் பிறகு எனக்கு எழுதுங்கள்.