கடைசியாக வருபவருக்கு யார் துணை?

கேள்வி: எனக்கு வயது 46. செல்லூரில் வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறேன். போன வருடம் சர்க்கரை வந்தது, மாத்திரை சாப்பிடுகிறேன். என்னிடம் தைக்கக் கொடுக்கும் டீச்சர் ஒருவர், ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் காலையில் கூடும் ஓட்டக் குழுவுக்குக் கூப்பிடுகிறார். "இந்த வயசுல ஓட்டமா? பாக்குறவங்க என்னம்மா நினைப்பாங்க" என்கிறான் மகன். நான் எட்டாவதுதான் படித்தேன். அங்கே வருகிறவர்கள் எல்லாம் உத்தியோகம் பார்ப்பவர்கள். நான் போகலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை

பதில்: போங்கள் தங்கச்சி, தாராளமாகப் போங்கள். ஆனால் அந்தக் குழு உங்களுக்கு ஏற்றதா என்று நீங்களும் ஒரு கண் பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் நாள் வேகமாக ஓடுபவர்களைப் பார்க்காதீர்கள். எல்லோருக்கும் பின்னால் மூச்சு வாங்க வருபவருக்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள். கூடவே யாராவது வருகிறாரா, அவர் வந்து சேரும்வரை மற்றவர்கள் இருக்கிறார்களா? இருந்தால் அது நல்ல குழு.

லண்டனில் 2004இல் 13 பேர் ஒரு பூங்காவில் ஓடித் தொடங்கிய பார்க்ரன் என்ற ஓட்ட நிகழ்ச்சி இன்று பல நாடுகளில் சனிக்கிழமை தோறும் நடக்கிறது. 5 கிலோமீட்டர், கட்டணம் கிடையாது, நடந்தும் முடிக்கலாம். அங்கே எல்லோருக்கும் பின்னால் வருவதற்கென்றே ஒரு தன்னார்வலர் இருப்பார். அதனால் "நான்தான் கடைசி" என்ற கூச்சம் யாருக்கும் வராது. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

உடம்புக்கு வருவோம். நாள் முழுக்கத் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஓடும்போது தொடைத் தசைகள் ரத்தத்தில் உள்ள சர்க்கரையை இழுத்துச் செலவழிக்கின்றன. அந்தப் பலன் ஒரு நாள் போல நீடிக்கும், அப்புறம் குறையும். அதனால்தான் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடக்கூடாது என்கிறார்கள். தனியாக இருந்தால் மூன்றாம் நாளே சோம்பல் வந்துவிடும். "ஏன் நேத்து வரல?" என்று கேட்க நாலு பேர் இருந்தால் கால் தானாகக் கிளம்பும்.

முதல் நாளே ஓட வேண்டாம். 5 நிமிடம் வேகமாக நடங்கள். பிறகு 60 விநாடி மெல்ல ஓட்டம், 90 விநாடி நடை என்று மாற்றி மாற்றி 20 நிமிடம், வாரம் மூன்று நாள். மற்ற நாட்களில் நடை போதும். புதிதாகத் தொடங்குபவர்களுக்காக 1996இல் உருவான பிரபலமான 9 வாரத் திட்டத்தின் முதல் வாரம் இதுதான். ஓடும்போது பக்கத்தில் இருப்பவரோடு பேச முடிய வேண்டும். முடியாவிட்டால் வேகம் அதிகம்.

அதற்கு முன் டாக்டரைப் பார்த்துவிடுங்கள். மாத்திரையில் கிளிமிபிரைடு என்ற மருந்து இருந்தால் ஓடும்போது சர்க்கரை இறங்கக்கூடும். கை நடுங்கி வியர்த்தால் நின்றுவிட வேண்டும். குளுக்கோஸ் பொட்டலம் ஒன்று எப்போதும் கையில் இருக்கட்டும். வீட்டுக்கு வந்ததும் பாதத்தில் கொப்புளம் இருக்கிறதா என்று பாருங்கள். நல்ல ஷூ ஒரு ஜோடி வாங்குங்கள், சுடிதார் போதும்.

படித்தவர்கள் நடுவில் எப்படி நிற்பது என்று தயங்குகிறீர்கள். நாலு வாரம் ஒன்றாக வியர்த்த பிறகு யாரும் யாருடைய படிப்பையும் கேட்பதில்லை, முட்டி வலியைத்தான் கேட்பார்கள். நேற்று முடியாத இரண்டு நிமிட ஓட்டத்தை இன்று முடித்தவர் வீட்டிலும் கடையிலும் வேறு மாதிரிப் பேசுவதை நான் பார்த்திருக்கிறேன். அந்தத் தைரியத்தை வேறு யாரும் உங்களுக்குக் கொடுக்க முடியாது.

மகனிடம் சக்கிமங்கலம் ரேவதியைப் பற்றிச் சொல்லுங்கள். பெற்றோரை இழந்த அவரைக் கூலி வேலை பார்த்து வளர்த்தவர் பாட்டி ஆரம்மாள். பெண் பிள்ளையை ஏன் ஓட அனுப்புகிறாய் என்று சொந்தக்காரர்கள் கேட்டபோதும் அவர் அனுப்பினார். வெறுங்காலில் ஓடத் தொடங்கிய ரேவதி 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் தொடர் ஓட்டத்தில் ஓடினார். நம் ஊருக்குப் பெண்கள் ஓடுவது புதிதில்லை.

அந்தக் குழு ஒத்துவரவில்லையா, விட்டுவிடுங்கள். உங்களிடம் தைக்க வருகிறவர்களில் இன்னும் இரண்டு பேருக்குச் சர்க்கரை இருக்கும். அவர்களைக் கூட்டிக்கொண்டு ஆறு மணிக்குள் வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் போங்கள். ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல் வரும். மூன்று பேர் சேர்ந்தாலே அது ஒரு குழுதான்.