போன பரு ஏன் திரும்பி வருகிறது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

முகப்பூச்சு லேபிள்களைப் பற்றிச் சென்ற முறை எழுதியதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்: "செலவு பண்ணினேன், போச்சு, மறுபடி வந்துடுச்சு." அதனால் இந்த முறை பரு மட்டும். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஆறு மாதம் தோல் டாக்டரிடம் பார்த்தேன். முகம் சுத்தமாகிவிட்டது. எல்லாவற்றையும் நிறுத்தினேன். மூன்றே மாதத்தில் பழையபடி ஆகிவிட்டது. கட்டிய ஃபீஸ் வீண்தானே? டாக்டர் மேல் புகார் கொடுக்கலாமா?
– 24 வயது வாசகி, சேலம்

பதில்: ஃபீஸ் வீண் இல்லை, புகாருக்கும் இதில் இடமில்லை. "சரியான பிறகு எதைத் தொடர வேண்டும்?" என்று நீங்கள் கேட்டிருக்க வேண்டும், அவரும் சொல்லியிருக்க வேண்டும்.

கண்ணாடியில் நீங்கள் பார்க்கும் பரு இன்று பிறந்ததல்ல. தோலின் எண்ணெய்ச் சுரப்பித் துளைக்குள் செத்த செல்களும் எண்ணெயும் சேர்ந்து அடைத்துக்கொள்வது, வெளியே தெரிவதற்குப் பல வாரங்கள் முன்பே நடந்துவிடும். அந்த அடைப்புக்குள் கிருமி பெருகி வீங்கும்போதுதான் அதைப் பரு என்கிறோம். முகம் தெளிவாக இருக்கும் நாளிலும் அடுத்த அடைப்பு உள்ளே தயாராகிக்கொண்டிருக்கும். எண்ணெயைச் சுரக்கவைக்கும் ஹார்மோன்களும் அப்படியேதான் இருக்கின்றன. மருந்து இந்த வேலையை அடக்கி வைத்திருந்தது. நீங்கள் மருந்தை நிறுத்தினீர்கள், அடைப்பு தன் வேலையைத் தொடங்கிவிட்டது.

அதனால்தான் பரு அடங்கியபின் மாத்திரையையும் ஆன்டிபயாடிக்கையும் நிறுத்திவிட்டு, அடைப்பு உருவாகாமல் தடுக்கும் அடாபலீன் போன்ற ஒரு பூச்சை மட்டும் பல மாதங்களுக்குத் தொடரச் சொல்வார்கள். ஒரு பட்டாணி அளவு எடுத்து, இரவில் முகம் முழுக்கத் தடவ வேண்டும். பரு இருக்கும் இடத்தில் மட்டும் பொட்டு வைப்பதால் பயனில்லை, அடுத்தது எங்கே வரும் என்று யாருக்கும் தெரியாது. முதல் வாரங்களில் தோல் உரியும், பரு கொஞ்சம் கூடினாற்போலவும் தெரியும். பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். பெரும்பாலோர் மூன்றாவது வாரத்தில் டியூபைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்று வாங்கப் போகிறார்கள். கர்ப்பமாக இருந்தாலோ அதற்கு முயன்றுகொண்டிருந்தாலோ இந்த மருந்து வேண்டாம். அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், மாற்று உண்டு.

கேள்வி: பருவுக்குப் பூசும் பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீதமும் இருக்கிறது, 10 சதவீதமும் இருக்கிறது. பத்து வாங்கினால் சீக்கிரம் போகும்தானே?
– ஓசூர்

பதில்: போகாது. 2.5 செய்யும் வேலையைத்தான் 10-ம் செய்யும், எரிச்சல் மட்டும் கூடுதல். துண்டும் தலையணை உறையும் வெளுத்துப்போகும், வெள்ளைத் துணியாகப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: என் மகளுக்கு 17 வயது. மெடிக்கல் ஷாப்பில் "பருவுக்கு நல்ல கிரீம்" என்று ஒரு டியூப் கொடுத்தார்கள். ஒரே வாரத்தில் பருவும் போய் நிறமும் வந்தது. ஒன்றரை வருடமாகப் பூசுகிறாள். இரண்டு நாள் விட்டால் முகம் சிவந்து எரிகிறது, முன்னைவிட அதிகமாகப் பரு வருகிறது. இப்போது மீசை போல முடி வேறு. வெளியே வரவே மாட்டேன் என்கிறாள்.
– ஒரு தாய், திருநெல்வேலி

பதில்: அம்மா, உங்கள் மகள் மேலும் தப்பில்லை, உங்கள் மேலும் தப்பில்லை. உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். டியூபின் பெயரைப் பார்த்தேன், அது ஸ்டீராய்டு கலந்த கிரீம்.

பெட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மோமெட்டசோன், ஃபுளுசினோலோன். இந்த நான்கு பெயர்களையும் எழுதி வீட்டில் ஒட்டி வையுங்கள். தோல் நோய் சிலவற்றுக்கு இவை அருமையான மருந்துகள். பருவுக்கு அல்ல. தடவியதும் வீக்கமும் சிவப்பும் அடங்கும், தோல் வெளுக்கும், "ஆஹா" என்று தோன்றும். அடியில் தோல் மெலிந்துகொண்டே போகும். ரத்தக் குழாய்கள் கோடு கோடாகத் தெரியும், முடி வளரும், ஸ்டீராய்டாலேயே புதுப் பரு வரும். நிறுத்தினால் முகம் கொதிக்கும். அதற்குப் பயந்து மறுபடி பூசுவோம். அடுத்த டியூப் விற்கும். ஒரு பொருள் தானே உண்டாக்கும் தொல்லைக்குத் தானே மருந்தாக விற்கிறது என்றால், இதைவிடக் கொடுமையான வியாபாரம் எனக்குத் தெரிந்து இல்லை.

பூசும் ஸ்டீராய்டு மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்க முடியாதபடி 2018 மார்ச்சில் மத்திய அரசு ஷெட்யூல் எச் பட்டியலுக்குள் கொண்டுவந்தது. தோல் மருத்துவர்கள் பல வருடம் போராடிப் பெற்ற மாற்றம் அது. இன்றைக்கும் எந்த ஊரிலும் கவுண்டரில் "பருவுக்கு ஒண்ணு குடுங்க" என்றால் டியூப் வந்து விழுகிறது. சீட்டு கேட்பதில்லை, பில்லும் தருவதில்லை. பெண்ணைப் பெற்றவர்களின் பயமும், கறுப்பாக இருப்பது குறை என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததும் சேர்ந்துதான் இந்தக் கல்லாவை நிரப்புகின்றன. அட்டைப்பெட்டியில் ஆர்எக்ஸ் என்ற குறியும், மருத்துவர் பரிந்துரையில் மட்டுமே விற்க வேண்டும் என்ற எச்சரிக்கையும் அச்சிட்டிருக்கும். பொடி எழுத்தில், ஆங்கிலத்தில். வாங்குபவருக்கு அது புரியாது. விற்பவருக்குப் புரியும். அதனால்தான் எனக்கு அவர்மேல் கோபம்.

உடனே செய்ய வேண்டியது: டியூபை எடுத்துக்கொண்டு ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையில் தோல் பிரிவுக்குப் போங்கள். எப்படி நிறுத்துவது என்பதை அவர்கள் சொல்லட்டும். நிறுத்தியபின் சில வாரங்கள் மோசமாகத்தான் தெரியும், மகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அந்த நாட்களில் டியூபை மறுபடி திறக்கக் கூடாது. பெரும்பாலோருக்குப் பொறுமையாக இருந்தால் தேறிவிடும். பில் இருந்தால் அதையும் டியூபின் படத்தையும் வைத்து மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். பில் இல்லாவிட்டாலும் கொடுங்கள்.

கேள்வி: ரீல்ஸ் பார்த்து நியாசினமைடு, சாலிசிலிக், வைட்டமின் சி, ரெட்டினால் நான்கு சீரமும் வாங்கினேன். ஒரே ராத்திரி நான்கையும் போட்டேன். முகம் எரிந்து தோல் உரிந்துவிட்டது. கம்பெனி பணம் திருப்பித் தருமா?
– கல்லூரி மாணவர், கோவை

பதில்: தராது. ஏன் தர வேண்டும் தம்பி? பாட்டிலில் இருந்தது சரியான பொருள். எப்படிப் போட வேண்டும் என்று அட்டையில் எழுதியிருந்தது. நீங்கள் படிக்கவில்லை. ஒன்றை ஆரம்பித்தால் சில வாரங்கள் அதை மட்டும் போட்டுப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் எது உதவியது, எது கெடுத்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது. இப்போது எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, சாதாரண மாய்ஸ்சரைசரும் சன்ஸ்கிரீனும் மட்டும். எரிச்சல் குறையவில்லை என்றால் டாக்டரிடம் போங்கள்.

பணம் வாங்கிக்கொண்டு ஒரு பொருளைப் புகழ்பவர், அதை வீடியோவிலேயே வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று 2023 ஜனவரியில் மத்திய அரசு வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. நீங்கள் பார்த்த ரீலில் அப்படிச் சொல்லவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் செய்யுங்கள். வந்த பொருள் போலி, அல்லது தேதி முடிந்தது என்றால் கதை வேறு: விற்ற தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் உங்கள் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

கேள்வி: என் நண்பனுக்கு ஐசோட்ரெடினாயின் மாத்திரையில் பரு அடியோடு போனது. அவனிடம் மிச்சம் இருக்கிறது. நான் சாப்பிடலாமா?
– வேலூர்

பதில்: கூடாது. எடையைக் கணக்கிட்டு, மொத்த அளவைத் திட்டமிட்டு, ரத்தப் பரிசோதனை செய்து கொடுக்கும் மருந்து அது. கிலோவுக்கு மொத்தம் 120 முதல் 150 மில்லிகிராம் என்பது வழக்கமான இலக்கு, பாதியில் விட்டால் பரு திரும்பும் வாய்ப்பு கூடும். உங்கள் நண்பனிடம் மிச்சம் இருக்கிறது என்பதே எனக்கு உறுத்துகிறது, அவரை டாக்டரிடம் போகச் சொல்லுங்கள். இதைப் படிக்கும் பெண்களுக்கு: இந்த மாத்திரை சாப்பிடும்போதும், நிறுத்திய பிறகு ஒரு மாதமும் கருத்தரிக்கவே கூடாது. குழந்தைக்குக் கடுமையான குறைபாடுகள் வரும் அபாயம் அதிகம்.

கேள்வி: "பருவுக்கு நிரந்தரத் தீர்வு" என்ற விளம்பரத்தை நம்பி ஒரு கிளினிக்கில் எட்டு சிட்டிங் பேக்கேஜுக்கு மொத்தப் பணத்தையும் கட்டினேன். நான்கு முடிந்தது. பரு அப்படியே இருக்கிறது. மீதிப் பணத்தைக் கேட்டால் "நான்-ரீஃபண்டபிள்" என்கிறார்கள். சிகிச்சை செய்தவர் டாக்டரா என்றே தெரியவில்லை.
– தனியார் நிறுவன ஊழியர், மதுரை

பதில்: உங்கள் பணத்தை விடாதீர்கள். நானும் ஒரு பார்லரில் ஃபேஷியல் பேக்கேஜுக்கு முன்பணம் கட்டியவள்தான். பாதியில் கடையையே மூடிவிட்டார்கள், ஒரு ரூபாய் திரும்பவில்லை. அதனால் சொல்கிறேன், எந்தப் பேக்கேஜானாலும் சிட்டிங் சிட்டிங்காகக் கட்டுங்கள். அப்படி முடியாது என்று சொல்லும் இடத்தை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

பருவுக்கு நிரந்தரத் தீர்வு என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. அந்த விளம்பரத்தையும் வாட்ஸ்அப்பில் அவர்கள் அனுப்பியதையும் படம் எடுத்து வையுங்கள், தவறான விளம்பரம் என்பதற்கு அதுதான் சாட்சி. தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் வரை அபராதம் விதிக்க 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. குறைபாடான சேவைக்குப் பணத்தைத் திருப்பித் தர மறுப்பது முறையற்ற வணிகம் என்றும் அதே சட்டம் சொல்கிறது. பில்லின் அடியில் "நான்-ரீஃபண்டபிள்" என்று அச்சடித்துவிட்டதால் சட்டம் ஓடிப்போய்விடாது.

முதலில் பதிவுத் தபாலில் ஒரு கடிதம்: கட்டிய தொகை, முடிந்த சிட்டிங், கேட்கும் தொகை, பதினைந்து நாள் கெடு. பதில் இல்லையா, மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுங்கள். நீங்கள் கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, அரசின் இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே போடலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். சிகிச்சை செய்தவரின் பதிவு எண்ணைக் கேளுங்கள். தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் இணையதளத்தில் தேடிப் பார்க்கலாம். எண் தர மறுத்தால் அதையும் மனுவில் எழுதுங்கள்.

கேள்வி: 29 வயது. தாடையிலும் கழுத்தோரத்திலும் மட்டும் பரு வருகிறது. ஏழெட்டு ஃபேஸ்வாஷ் மாற்றிவிட்டேன். மாதவிலக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான். அடுத்து எந்த ஃபேஸ்வாஷ் வாங்கலாம்?
– திருச்சி

பதில்: எதையும் வாங்காதீர்கள். பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது, மாதவிலக்கு பற்றிய வரியில். தாடைப் பக்கம் திரும்பத் திரும்ப வரும் பருவும் தள்ளிப்போகும் மாதவிலக்கும் சேர்ந்தால் பிசிஓடி எனும் சினைப்பை ஹார்மோன் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மகப்பேறு மருத்துவரிடம் போங்கள். உள்ளே ஹார்மோன் சரியில்லாதபோது வெளியே எதைத் தேய்த்தாலும் பரு திரும்பி வந்துகொண்டுதான் இருக்கும். ஃபேஸ்வாஷ் முகத்தில் அரை நிமிடம் இருந்துவிட்டுத் தண்ணீரோடு போகிறது, அதனிடம் இவ்வளவு எதிர்பார்க்காதீர்கள்.

கேள்வி: நெற்றி முழுக்க ஒரே அளவில் பொடிப் பொடியாக, அரிப்போடு வருகிறது. மெடிக்கலில் வாங்கிய ஆன்டிபயாடிக் மாத்திரையை மூன்று முறை சாப்பிட்டும் கூடுகிறது.
– டெலிவரி வேலை, சென்னை

பதில்: ஒரே அளவு, அரிப்பு, ஆன்டிபயாடிக்கில் கூடுகிறது, நாள் முழுக்க ஹெல்மெட்டுக்குள் வியர்வை. இது பருவே இல்லாமல் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். ஆன்டிபயாடிக் அதை வளர்த்துவிடும். மருந்தே வேறு, தோல் டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். ஹெல்மெட் உள்துணியைத் துவையுங்கள். தலைக்கு எண்ணெய் வைத்தால் நெற்றியில் வழியவிடாதீர்கள்.

கேள்வி: மாமா வளைகுடாவிலிருந்து ஒரு கிரீம் கொண்டுவந்தார். பருவும் தழும்பும் போகுமாம். எந்த முகவரியும் இல்லை.
– ராமநாதபுரம்

பதில்: பூசாதீர்கள். இந்தியாவில் முறையாக விற்கும் வெளிநாட்டு அழகுப் பொருளின் லேபிளில் இறக்குமதி செய்தவரின் முகவரியும் பதிவுச் சான்று எண்ணும் இருக்க வேண்டும். அவை இல்லாத வெளுப்பு கிரீம்களில் பாதரசம் இருந்து, பூசியவர்களின் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது 2023-இல் மலப்புரத்தில் தெரியவந்தது. மாமாவிடம் அன்பாகவே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: கரும்புள்ளியை உறிஞ்சி எடுக்கும் மெஷின் ஆன்லைனில் பாதி விலைக்கு வருகிறது. வாங்கலாமா?
– காரைக்குடி

பதில்: வேண்டாம். நான் முழு விலைக்கு வாங்கினேன். மூக்கில் ரத்தம் கட்டியது, கரும்புள்ளி சில நாளில் அதே இடத்தில் திரும்ப வந்தது. அந்தக் காசுக்கு ஒரு சன்ஸ்கிரீன் வாங்குங்கள், பரு விட்டுப்போன கறுப்புத் தடம் வெயிலில் இன்னும் கறுக்காமல் இருக்கும்.